பெட்டிக்குள்ளேயே கொடுங்கள்

வளைகுடாக் கடல், நங்கூரத்தில்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் கிளைட்டன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டயானாவுக்கு வாந்தி நின்றதா?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். கப்பலை இங்கே நங்கூரம் போட வைத்துவிட்டு முதலாளி காணாமல் போய்விட்டான். ஏஜென்ட் போனை எடுப்பதில்லை. டீசல் தீர்ந்துகொண்டிருப்பதால் ஜெனரேட்டரைச் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் ஓட்டுகிறோம். கரை தூரம், சிக்னல் கிடையாது. பாஸ்போர்ட்டெல்லாம் ஏஜென்டிடம் இருப்பதால் இறங்கிப் போகவும் வழியில்லை. மாதம் ஒரு தடவை மாலுமிகள் மன்றத்துச் சாமியார் படகில் குடிதண்ணீர் கொண்டுவருகிறார். அவர் இதைப் போட்டோ எடுத்துத் தூத்துக்குடி மன்றத்துக்கு அனுப்புவார். அங்கே அச்செடுத்து உங்களிடம் சேர்ப்பார்கள். பதிலையும் அங்கேயே கொடுங்கள்.

நாங்கள் பதினோரு பேர். சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் பாம்பு கப்பித்தானை இனிமேல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எலி வாடை பட்டாலே டயானாவுக்குக் குமட்டுகிறது. மூன்றாம் மாதம் வேறு. கப்பித்தானுக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு வெள்ளெலி போதும். மீன் தொட்டி விற்கிற ஏசுவடியான் கடையில் ஐஸ் வைத்த எலி கிடைக்கும். வெந்நீரில் போட்டு எடுத்து, இடுக்கியால் பிடித்துக் காட்டினால் தானே வந்து கவ்விக்கொள்ளும். விஷமில்லாத பாம்பு. வனத்துறையில் பதிந்த தாள் அலமாரியில் இருக்கிறது.

டயானாவுக்குத் தனியாக அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

என்றும் உங்கள் பிரியமுள்ள
கிளைட்டன்


இயேசு மரி சூசை

திரேஸ்புரம், தூத்துக்குடி
19 மே 2025

பிரியமுள்ள மாப்பிள்ளை கிளைட்டனுக்கு,

இஞ்ஞாசி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் டயானாவும் சுகம். என் முழங்கால் அப்படியேதான். உம்முடைய கப்பல் சமாச்சாரம் கேட்டு மனசு சரியில்லை. மன்றத்தில் தினமும் விசாரிக்கிறேன்.

பாம்பு விஷயம். துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் வின்ச் ஓட்டியவன் நான். தலைக்கு மேல் இருபது டன் தொங்கும்போது பயந்ததில்லை. இந்தப் பெட்டியின் மூடியைத் திறக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஏசுவடியான் வேறு கடை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பெரிசு வேணுமா சிறுசு வேணுமா?" என்று சத்தம் போட்டுக் கேட்கிறான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டிக்குள்ளேயே எலியைப் போட்டுப் பழக்கினால், தண்ணீர் மாற்றக் கை விடும்போதெல்லாம் கையையும் எலி என்றுதானே அது நினைக்கும்? அதனால் பாம்பைத் துண்டு போட்டுப் பிடித்து, கொல்லையில் துணி ஊறவைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டு, அங்கே கொடுத்தேன். தின்றது. திரும்பத் தூக்கிக்கொண்டுபோய் டயானா அறையில் பெட்டிக்குள் விட்டேன். காலையில் பார்த்தால் முழு எலியையும் கக்கிவைத்திருக்கிறது. அந்த நாற்றத்தில் டயானா மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. சமையலுக்கு வரும் இசக்கியம்மாள் குசினி வாசலில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, இது இங்கன இருந்தா நான் வேலைக்கு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கெஞ்சிக் கூத்தாடி நிறுத்திவைத்திருக்கிறேன்.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று எழுதும்.

மாமா
இஞ்ஞாசி


வளைகுடாக் கடல்
8 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகமாகவே இருக்கிறோம். உங்களை இந்தப் பாடு படவைத்ததற்கு என்னை மன்னிக்க வேண்டும்.

தப்பு உங்களுடையது இல்லை, நான்தான் விவரமாக எழுதவில்லை. பெட்டிக்குள்ளேயே கொடுங்கள். இடம் மாற்றாதீர்கள். அது பயந்த பிராணி. தின்றபின் தூக்கினால் கக்கிவிடும். தின்ற இடத்திலேயே இரண்டு நாள் யாரும் தொடாமல் கிடக்க வேண்டும். கையைக் கடிக்கும் என்று பலரும் உங்களைப் போலத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு குச்சியால் உடம்பை மெல்லத் தொடுங்கள். தொட்டால் சாப்பாடு இல்லை என்று அது புரிந்துகொள்ளும். இப்போது கக்கியிருப்பதால் இரண்டு வாரம் தண்ணீர் மட்டும் போதும். பிறகு சின்ன எலியாகக் கொடுங்கள். பெட்டி எந்த அறையில் இருந்தாலும் சரி, வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

இரண்டு பேர் கப்பல் ஓரத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் பொழுதுபோக்குத்தான்.

டயானாவிடமிருந்து ஒரு வரியும் இல்லையே. குழந்தை அசைகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

உங்கள்
கிளைட்டன்


இயேசு மரி சூசை

திரேஸ்புரம்
1 ஜூலை 2025

மாப்பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். நீரும் உம்முடன் இருக்கிற பத்துப் பேரும் சுகமாகக் கரை சேர வேண்டும் என்று பூசையில் கேட்டுக்கொள்கிறோம்.

பெட்டியை என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். உமது பாம்புக்குத் தனி அறை, எனக்கு ஒரு பாய். நீர் எழுதியபடி நேற்றுச் சாயங்காலம் பெட்டிக்குள்ளேயே கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு கண் மூடித் திறப்பதற்குள் இடுக்கியில் எலி இல்லை. என்னை அறியாமல் "ஏலே!" என்று கத்திவிட்டேன். கதவுக்கு வெளியே நின்ற டயானா அப்படிச் சிரித்தாள். அவள் அம்மா போன இந்த மூன்று வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

குழந்தை அசைகிறது. ஆறாம் மாதம் நடக்கிறது. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். உமக்கு எழுத உட்காருகிறாள், கிழித்துப்போடுகிறாள். "நாலு பேர் போட்டோ எடுத்துப் பார்க்கிற கடிதத்துல நான் என்னத்தப்பா எழுத?" என்கிறாள். அடுத்த தடவை எழுதச் சொல்கிறேன்.

இருபத்தாறாம் தேதி மாதா கோவிலில் கொடியேற்று. உமக்காக மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.

இஞ்ஞாசி


வளைகுடாக் கடல்
22 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எங்கள் சீஃப் இன்ஜினியர் கோழிக்கோட்டுக்காரர், அவருக்கும் வாசித்துக் காட்டினேன். "ஏலே" என்று நீங்கள் கத்திய இடத்தில் அவரும் சிரித்தார். சிரித்துக் கொஞ்ச நாள் ஆகிறது.

ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மேல்தளத்தில் படுக்கிறோம். மற்றபடி சுகம்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று எழுதுங்கள். என்ன மீன், புளிக் குழம்பா தேங்காய் அரைத்ததா, எல்லாம் விவரமாக. படிக்க நன்றாக இருக்கும்.

பெண் குழந்தையாக இருந்தால் நல்லது என்று டயானாவிடம் சொல்லுங்கள். அவளுக்கு எழுத வெட்கம் என்றால் ஒன்றும் எழுதாமல் வெறும் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பட்டும்.

கிளைட்டன்


திரேஸ்புரம்
20 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளை கிளைட்டனுக்கு,

நலம். உமது நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

திருவிழா முடிந்துவிட்டது. இங்கே மழை இல்லை. டயானா வீட்டில் இருக்கிறாள்.

உமது பாம்பு தின்ன மாட்டேன் என்கிறது. ஜூலை நடுவில் ஒன்று தின்றது. அதன்பிறகு மூன்று தடவை வைத்தும் தொடவில்லை. பெட்டி இப்போது மறுபடியும் டயானா அறையில் இருக்கிறது. அவள் கேட்டாள், வைத்தேன். எலி காட்டுவதும் அங்கேதான். நீர் இடம் மாற்றாதே என்று எழுதியிருந்தது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் மாற்ற வேண்டியதாயிற்று. அதனால்தான் தின்னவில்லையோ என்னவோ. தண்ணீர் குடிக்கிறது. தோல் உரித்தது.

குழம்பு பற்றிக் கேட்டிருந்தீர். இசக்கியம்மாள் இப்போது வருவதில்லை. நான்தான் ஏதோ வைக்கிறேன். எழுதுகிற மாதிரி ஒன்றும் இல்லை.

இஞ்ஞாசி


வளைகுடாக் கடல்
9 செப்டம்பர் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

கப்பித்தானைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அந்த இனம் நான்கு மாதம் ஐந்து மாதம்கூடத் தின்னாமல் கிடக்கும். உடம்பு மெலியாத வரைக்கும் பயமில்லை. வாரம் ஒரு தடவை காட்டிப் பாருங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

மாமா, டயானா அறையில் வைத்து எலி காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். எலி இருக்கிற ஃப்ரிட்ஜைத் திறந்தாலே அவளால் நிற்க முடியாதே. இப்போது அந்த வாடை அவளை ஒன்றும் செய்யவில்லையா? இது எட்டாம் மாதம். உங்கள் கடிதத்தில் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

தயவுசெய்து எழுதுங்கள்.

கிளைட்டன்


வளைகுடாக் கடல்
5 அக்டோபர் 2025

மாமாவுக்கு,

இன்று காலையில் சாமியார் படகு வந்தது. தண்ணீர் வந்தது, இரண்டு மூட்டை அரிசி வந்தது. எனக்குக் கடிதம் இல்லை. தூத்துக்குடியிலிருந்து ஒன்றும் வரவில்லையா என்று அவரிடம் மூன்று தடவை கேட்டேன். கடைசியில் அவர் பையைக் கவிழ்த்தே காட்டினார்.

நான் உங்களுக்குப் பொய் எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு உள்ளதை எழுதுகிறேன். ஜூன் மாதத்திலிருந்து ஒரு வேளைதான் சாப்பாடு, சோறும் உப்பும். தூண்டில் பொழுதுபோக்குக்கு இல்லை. மீன் விழாத நாளில் வெறும் கஞ்சி. போன வாரம் சீஃப் இன்ஜினியர் ஏணியில் மயங்கி விழுந்தார், கை ஒடிந்தது. அவரை மட்டும் கரைக்குக் கொண்டுபோனார்கள். என் கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். டயானா வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள், இதைக் கேட்டால் தாங்க மாட்டாள் என்றுதான் சுகம் சுகம் என்று எழுதினேன்.

நீங்களும் என்னைப் போலத்தான் எழுதுகிறீர்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. எதுவானாலும் சொல்லிவிடுங்கள். இங்கே சும்மா உட்கார்ந்து விதவிதமாக நினைப்பதைவிட அது மேல்.

கிளைட்டன்


திரேஸ்புரம்
20 அக்டோபர் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

டயானா எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை அப்பா படித்துவிட்டு என் மடியில் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் ஒரு வேளைச் சோறு தின்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் மூன்று வேளையும் தட்டில் போட்டு வைத்துவிட்டு எழுந்துபோய்க்கொண்டிருந்தேன்.

நம் குழந்தை இல்லை. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி. முந்தின நாளே அசைவு இல்லை. திருவிழாச் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லையோ என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள், துடிப்பு இல்லை என்றார்கள். பிறகும் பெற்றுத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். பெற்றேன். பெண். காரணம் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்று டாக்டர் சொன்னார்.

அப்பாவிடம் நான்தான் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். கடலில் மாட்டிக்கிடக்கிறவருக்கு இதையும் அனுப்ப வேண்டுமா என்று நினைத்தேன். அது மட்டும் காரணம் இல்லை. எனக்கு உங்கள் மேல் கோபம். அப்பாவுக்குப் பாம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள், எனக்கு அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்திலும் நல்லாச் சாப்பிடு என்றுதான் இருந்தது.

தெருவில் எல்லாரும் பாம்பைத்தான் சொன்னார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் அதை வைக்கலாமா என்று இசக்கியம்மாள் அழுதுவிட்டு வேலையை விட்டு நின்றுகொண்டாள். எட்டாம் நாள் எதிர்வீட்டு ரெக்சனின் அம்மா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "இஞ்ஞாசி அண்ணாச்சி, அதத் தூக்கி உப்பளத்துப் பக்கம் விட்டுட்டு வாங்க. இல்லன்னா அடிச்சிப் போடுங்க" என்றாள். நான் உள்ளே படுத்திருந்தேன். அப்பாவுக்கே அது பிடிக்காது, சரி என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "ஏளா, எம் பேத்திய பாம்பு கொல்லல. அது பாட்டுக்குப் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. யாரு மேலயாவது பழியப் போட்டாத்தான் உங்களுக்குத் தூக்கம் வருமா? போங்க" என்றார். கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அவர்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் நம்பினேன். அதனால்தான் பெட்டியை என் அறையில் வைக்கச் சொன்னேன். அப்பா வெளியே போகிற நேரத்தில் நானே அதை ஒரு வழி பண்ணிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்பா கடைக்குப் போனார். மூடியைத் திறந்தேன். மூலையில் தலையைச் சுருளுக்குள் வைத்துக்கொண்டு கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அதுவும் ஒன்றும் தின்னவில்லை, நானும் தின்னவில்லை. பிறகு என்ன தோன்றியதோ, குசினிக்குப் போய் எலியை எடுத்து வெந்நீரில் போட்டேன். உங்களுக்குத் தெரியும், அந்த வாடையில் நான் எப்படி ஓடுவேன் என்று. மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. குமட்டவில்லை. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில்கூட எனக்கு அது முழுதாகப் புரியவில்லை அத்தான். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் செப்டம்பரில் கேட்டிருந்தீர்கள், இப்போது அந்த வாடை ஒன்றும் செய்யவில்லையா என்று. அப்பா அதைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் பதில் வரவில்லை.

வாரம் ஒரு தடவை நான்தான் காட்டினேன். ஒன்பது தடவை வேண்டாம் என்றது. அக்டோபர் பதினொன்றாம் தேதி சாயங்காலம் எடுத்துக்கொண்டது. நீங்கள் சொன்ன மாதிரி பெட்டிக்குள்ளேயே கொடுத்தேன், இரண்டு நாள் தொடவில்லை. கக்கவில்லை.

போட்டோ எடுக்கிற சாமியார் படித்தால் படிக்கட்டும். எனக்கு இனி வெட்கம் ஒன்றும் இல்லை. நீங்கள் உயிரோடு வந்தால் போதும்.

டயானா


வளைகுடாக் கடல்
9 நவம்பர் 2025

அன்புள்ள டயானாவுக்கும் மாமாவுக்கும்,

கடிதம் கிடைத்தது. காலையிலிருந்து நான்கு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துபோனேன். இப்போது சாமியார் படகு புறப்பட நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

டயானா, நீ சொன்னது சரி. எலியை எவ்வளவு நேரம் வெந்நீரில் போட வேண்டும் என்று எழுத எனக்குத் தெரிந்தது. உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. கூட இல்லாமல் போய்விட்டேன். அது மட்டும்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கப்பலைக் கோர்ட்டு மூலம் விற்கப்போகிறார்களாம். டிசம்பர் பத்துக்குள் எங்களைக் கரையில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யூனியன்காரர்கள் வந்து சொன்னார்கள். நம்பப் பயமாக இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மாமா, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். பிள்ளையை எங்கே வைத்தீர்கள்? யாரெல்லாம் இருந்தார்கள்? டயானாவிடம் கேட்க மனசு வரவில்லை.

கிளைட்டன்


இயேசு மரி சூசை

திரேஸ்புரம்
25 நவம்பர் 2025

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் டயானாவும் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன். அவள் இரண்டு வேளை சாப்பிடுகிறாள். நேற்று அவளே சாளை வாங்கிவந்து குழம்பு வைத்தாள். தேங்காய் அரைத்தது. உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது, நான் சொல்லவில்லை.

அவள் எழுதாதே என்றாள். எனக்குப் பொய் எழுத வராது. அதனால் பாம்பைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் உமக்கு எழுதுகிற மாதிரி வீட்டில் மிச்சம் இருந்தது. தப்புத்தான்.

கேட்டதற்குப் பதில். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் கொண்டுவந்தேன். ஆட்டோக்காரன் என்ன என்று கேட்கவில்லை, மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டினான். பங்குச் சாமியார் ஒரு தடையும் சொல்லவில்லை, வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் ஜேசுபாதம், சின்னப் பிள்ளைகளுக்கு என்று மதிலோரம் இருக்கிற இடத்தைக் காட்டினார். நான் அங்கே வேண்டாம் என்றேன். உம்முடைய அத்தை ஞானசௌந்தரி பக்கத்தில் வைத்தேன். அவளுக்குப் பிள்ளைகளைத் தூக்கிவைத்துக்கொள்ளப் பிடிக்கும். நான், சாமியார், ஜேசுபாதம், மூன்று பேர்தான். முகம் டயானா மாதிரி இல்லை. உம்மை மாதிரி இருந்தது. முடி நிறைய.

டயானா இன்னும் அங்கே போகவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. "அத்தான் வரட்டும்" என்று முந்தாநாள் அவளாகவே சொன்னாள்.

நீர் எந்த நாள் வருகிறீர் என்று தெரிந்ததும் கரையிலிருந்து போன் பண்ணும். வந்ததும் முதலில் குளித்து, சாப்பிட்டு, ஒரு நாள் தூங்கி எழும். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் மட்டும் போய்வாருங்கள். கேட்டில் ஜேசுபாதம் இருப்பார், இடத்தை அவர் காட்டுவார். நான் வரவில்லை. நான் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் எனக்காக அழாமல் இருப்பீர்கள்.

நான் வீட்டில் இருந்து பாம்புக்குத் தண்ணீர் மாற்றிவைக்கிறேன்.

உமது மாமா
இஞ்ஞாசி